நனைந்து காயும் வேர்

வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏற்காடு காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய இடம். திரும்பும்போது பையில் மிளகும் காப்பித்தூளும் இருக்கும். சில சமயம் மடியில் ஓர் ஆர்க்கிட் செடியும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதற்கு ராஜ உபசாரம்: புதுத் தொட்டி, செம்மண், மட்கிய சாணம், காலையும் மாலையும் தண்ணீர். முதலில் பூ உதிர்கிறது, பிறகு இலை மஞ்சளாகிறது. கொஞ்ச நாளில் அடிப்பகுதி கொழகொழத்துப் போய், செடி கையோடு வந்துவிடுகிறது.

அதே வெயிலில், ஏதோ ஒரு பழைய மாந்தோப்பில், மரத்தின் கவட்டையைப் பற்றிக்கொண்டு அதே குடும்பத்தைச் சேர்ந்த வாண்டா நிற்கிறது. அதற்கு ஒரு பிடி மண் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை. சித்திரை வெயிலைத் தாங்கி ஆண்டுதோறும் பூக்கவும் செய்கிறது. எல்லாம் கிடைத்த செடி செத்துப்போக, ஒன்றும் கிடைக்காத செடி பிழைப்பது எப்படி?

மரத்தின் மேல் வளர்வதால் அது மரத்தின் சாற்றைக் குடித்து வாழ்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. மாமரத்தில் புல்லுருவியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பானது. புல்லுருவி விழுந்த கிளையை வெட்டிப் பார்த்தால், அதன் திசு மரக்கட்டைக்குள் இறங்கி நீர்க்குழாய்களோடு இணைந்திருப்பது தெரியும். ஆர்க்கிட் ஒட்டியிருக்கும் பட்டையைச் செதுக்கிப் பார்த்தால் அப்படி எதுவும் இருக்காது. வேர் பட்டையின் மேலேயே நின்றுவிடுகிறது. பாறையிலும் பட்டுப்போன கட்டையிலும்கூட இதே செடிகள் செழிப்பாக வளர்வது இன்னொரு சான்று. மரம் இவற்றுக்குத் தருவது நிற்க ஓர் இடம் மட்டுமே. அதனால்தான் தாவரவியலில் இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்கிறார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட தொகுப்பு இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்களைக் கணக்கில் எடுத்தது. அவற்றில் 757, அதாவது பாதிக்கு மேல், இப்படித் தொற்றி வாழ்பவை.

தொட்டியில் செத்த செடிக்கும் மரத்தில் வாழும் செடிக்கும் உள்ள வேறுபாட்டை வேரில் தேட வேண்டும். வாண்டாவின் வேர் சுண்டுவிரல் பருமன் இருக்கும். காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த வெள்ளை. அதன் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். சில மணி நேரத்தில் மறுபடி வெளுத்துவிடும். பதினோராம் வகுப்புத் தாவரவியலில் வாண்டாவைப் படித்தவர்களுக்கு இந்த மேலுறையின் பெயர் நினைவிருக்கலாம்: வெலாமன்.

வெலாமன் முழுக்க முழுக்க இறந்த செல்களால் ஆனது. முதிர்ந்ததும் செல்லின் உள்ளே இருந்த உயிர்ப்பொருள் மறைந்து, சுவர் மட்டும் நிற்கிறது. சுவர்களில் தடிப்புகள் இருப்பதால் காய்ந்தாலும் செல் நசுங்குவதில்லை. இப்படிப் பல அடுக்கு வெற்று அறைகள் வேரைச் சுற்றிப் போர்த்தியிருக்கின்றன. நிறம் மாறும் காரணத்தை நெசவாளர் வீட்டில் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியைக் கையில் போர்த்தினால் கை தெரியாது. நூல்களுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் துணி வெள்ளையாகத் தெரிகிறது. துணியை நனைத்தால் அந்த இடைவெளிகளில் நீர் புகுந்து சிதறல் குறைகிறது, உள்ளே இருக்கும் தோலின் நிறம் வெளியே தெரிகிறது. வெலாமனிலும் நடப்பது அதுவே. நனைந்தவுடன் உள்ளே உயிரோடிருக்கும் பகுதியின் பசுமை வெளிப்படுகிறது. அந்தப் பசுமை பச்சையத்துடையது. இந்த வேர் ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் டீனியோஃபில்லம், கைலோஸ்கிஸ்டா போன்ற ஆர்க்கிட்கள் இலையையே ஏறக்குறைய விட்டுவிட்டு, வேர்களை வைத்தே உணவு தயாரித்துப் பிழைக்கின்றன.

வெலாமனுக்கு அடியில் காவல் போல இன்னொரு அடுக்கு உண்டு. அதன் பெரும்பாலான செல்களின் சுவர்கள் தடித்து நீரைத் தடுப்பவை. இடையிடையே சில செல்கள் மட்டும் வழிவிடுகின்றன. வெலாமன் பிடித்து வைத்த நீர் இந்த வழிச்செல்கள் மூலமாகத்தான் உள்ளே போகிறது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளிருக்கும் நீர் எளிதில் தப்பிப் போகாமல் இருப்பதும் இந்த அடுக்கால்தான். நனைந்த வேரைக் கூர்ந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே சில வெள்ளைக் கீற்றுகள் அப்படியே இருக்கும். அவை நீர் ஏறாமல் காற்றைத் தக்கவைத்துக்கொள்ளும் இடங்கள், வேர் மூச்சுவிடும் சாளரங்கள். ‘இன்னும் நனையவில்லை’ என்று அவற்றின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

இறந்த செல்களால் ஆன ஒரு போர்வையை வளர்ப்பதில் செடிக்கு என்ன லாபம்? டச்சு அறிஞர் ஃப்ரிட்ஸ் வெண்ட் 1940இல் ஒரு விடையை முன்வைத்தார். மழை தொடங்கியதும் மரத்தில் வழியும் முதல் நீரில்தான் இலைத்தூசியும் பறவை எச்சமும் பட்டைக் கசிவும் கரைந்திருக்கும். பிறகு வருவது ஏறக்குறைய வெறும் நீர். வெலாமன் அந்த முதல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதுதான் அதன் பயன் என்றார். பல பத்தாண்டுகள் இது ஓர் ஊகமாகவே இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ட்சோட்ஸும் ஊவே விங்க்லரும் 2013இல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்கள். வெலாமனுக்குள் நீர் நிறையச் சில நொடிகளே ஆயின. அது ஆவியாகி வெளியேறப் பல மணி நேரம் ஆனது. கரைசலில் மின்னூட்டம் கொண்ட அயனிகள் வெலாமனிலேயே தங்கின, மின்னூட்டம் இல்லாதவை வெளி நீரோடு போய்விட்டன. சத்துகளில் பெரும்பாலானவை அயனிகள்தாம். இறந்த செல்சுவர்களில் இருக்கும் மின்னூட்டமே அவற்றை இழுத்துப் பிடிக்கிறது என்று அவர்கள் கருதினார்கள்.

இனி தொட்டிச் செடியின் சாவுக்குக் காரணம் சொல்லிவிடலாம். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஈரச் செம்மண்ணுக்குள் புதைந்த வெலாமன் எப்போதும் நீர் நிறைந்தே இருக்கிறது. உள்ளே உயிரோடு இருக்கும் திசுவுக்குக் காற்று போய்ச் சேர்வதில்லை. மூச்சுத் திணறிய வேரில் பூஞ்சை ஏறுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால் மேலே இலை வாடுகிறது. இலை வாடுவதைப் பார்த்து வீட்டார் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மண்ணில் சத்து போதாமல் அந்தச் செடி சாகவில்லை. காய்வதற்கு இடைவெளி கிடைக்காமல்தான் செத்தது. ஆர்க்கிட்டைக் கட்டையில் கட்டி வளர்ப்பது அழகுக்கான ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வேருக்கு வேண்டிய ‘நனை, காய்’ என்ற சுழற்சியைத் திருப்பிக் கொடுக்கும் நேரான வழி அது.

வேருக்கு இருப்பதுபோல் இலைக்கும் ஒரு சுழற்சி உண்டு. அதை மோப்பம் பிடித்த ஒருவருக்குத் தமிழ் மண்ணோடு உறவிருக்கிறது. பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர் மொரேவிய மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றியவர். தடித்த இலையின் விளிம்பிலிருந்தே குட்டிச் செடி முளைக்கும் ரணகள்ளியின் இலையைக் கடித்துப் பார்த்து அவர் ஒரு விந்தையைக் கண்டார். காலையில் இலை நன்றாகப் புளித்தது, நண்பகலில் சுவையற்றுப் போனது, மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். லின்னேயன் சங்கத்தின் இதழில் அது 1815இல் அச்சேறியது. (ரணகள்ளியில் நச்சுப் பொருள்கள் இருப்பதால் இந்தச் சோதனையை யாரும் வாயில் செய்து பார்க்க வேண்டாம்.)

காலைப் புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. வாயு உள்ளே வரும் அதே வாசல் வழியாக நீராவி வெளியேறுகிறது. ரணகள்ளியும் வாண்டா போன்ற தடித்த இலை ஆர்க்கிட்களும் பகலில் அந்த வாசலைச் சாத்திவிடுகின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை மீட்டு வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. பாடநூல்கள் இதைக் கிராசுலேசி அமில வளர்சிதை மாற்றம் என்கின்றன. வீட்டில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது: இந்தச் செடிக்கு இரவு ஓய்வு நேரம் இல்லை, வேலை நேரம். பகல் முழுதும் சூடேறி இரவெல்லாம் அனல் கக்கும் மொட்டைமாடிச் சுவரில் அதை மாட்டினால், அந்த வேலைக்கு வேண்டிய குளிர்ச்சி கிடைக்காது. வேப்ப மர நிழலோ கிணற்றடியோ நல்லது.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கும் காற்றுதான் விடை சொல்ல வேண்டும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, மிதமான வெயில் என்ற சூழலில் அங்கே பல வகைகள் பாதுகாக்கப்படுகின்றன. கீழே சேலம், நாமக்கல் சமவெளியில் கோடையில் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். 25 டிகிரிக் காற்றைவிட 38 டிகிரிக் காற்றின் கொள்ளளவு இரு மடங்குக்கும் சற்று அதிகம். ஈரப்பத விழுக்காடு இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருந்தாலும், சமவெளிக் காற்று வேரிலிருந்து நீரை இழுக்கும் வலு இரட்டிப்பாகிறது. மலையில் அரைநாள் ஈரமாக இருக்கும் வேர் வெண்ணந்தூரில் வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே ‘வாரம் இருமுறை நீர் போதும்’ என்று மலையூர் நர்சரியில் சொல்லும் அறிவுரையை அப்படியே கீழே இறக்கிக்கொண்டு வரக் கூடாது. மலைக் குளிரில் வாழும் சீலோஜைன் ஆர்க்கிட் வகைகளையும் இறக்கிக்கொண்டு வராமல் இருப்பது நல்லது.

சமவெளிக்கென்றே பிறந்தது வாண்டா டெசெலேட்டா. வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் படங்களோடு தொகுத்த நூலின் முதல் பாகத்தில், 1795இல், இதை வேறு பேரினப் பெயரில் விவரித்தார். தமிழகச் சமவெளிகளிலும் மலையடிவாரங்களிலும் மா, புளி, இலுப்பை மரங்களில் வளர்வது. மஞ்சளும் பழுப்பும் கலந்த கட்டம் போட்ட இதழ்கள், நீலம் அல்லது ஊதா உதடு, நல்ல மணம். கடைகளில் கண்ணைப் பறிக்கும் கலப்பின ஃபலநாப்சிஸ் ஆர்க்கிட்டைவிட இதன் பூ சிறியதுதான். ஆனால் இந்த ஊர்க் கோடை அதற்குப் புதிதல்ல, முதல் ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

கட்டை சொரசொரப்பாகவும் எளிதில் உளுத்துப்போகாததாகவும் இருக்க வேண்டும். புளியங்கட்டை, தேக்குத் துண்டு, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கழித்துப்போடும் காப்பிச் செடியின் கட்டை எல்லாம் பொருந்தும். பட்டை உரியும் கொய்யாவும் யூகலிப்டஸும் ஆகாது, வேர் பிடித்த பட்டையே ஒருநாள் கழன்று விழும். முருங்கை மெத்து, சீக்கிரம் உளுக்கும். வார்னிஷ் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். தேங்காய் மட்டை ஈரம் காப்பதால் சமவெளிக்குக் கூடுதல் உதவி. ஆனால் அதில் உப்பும் துவர்ப்பொருளும் உண்டு. பல நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எப்போது கட்டுவது என்பதைச் செடியே சொல்லும். வேர்நுனி பச்சையாகவோ செம்பச்சையாகவோ பளபளவென்று நீளத் தொடங்கினால் அதுதான் நேரம். கோடை மழைக்குப் பின் இது நிகழும். பட்டையில் பதியும் பக்கத்தில் வேர் நுண்ணிய தூவிகளை விட்டு இறுகப் பற்றிக்கொள்கிறது. பழைய வேர் புதிதாக ஒட்டாது, புது வேர்தான் ஒட்டும். அதுவரை செடி அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் மெல்லிய நுனி தேய்ந்து வளர்ச்சி நின்றுவிடும். கட்டுவதற்குச் செம்புக் கம்பி வேண்டாம், அது செடிக்கு நஞ்சு. தறி ஓடும் ஊரில் கழிவுப் பருத்தி நூலுக்குப் பஞ்சமில்லை. நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டினால், வேர் பிடித்த பிறகு நூல் தானே இற்றுப்போகும். குருத்து வானத்தைப் பார்க்காமல் சற்றுச் சாய்ந்திருக்கும்படி கட்டுவது நல்லது. இலைகளின் நடுவே நீர் தேங்கினால் குருத்து அழுகும். மாந்தோப்புச் செடிகளும் பெரும்பாலும் சாய்ந்தே நிற்கின்றன.

வாசலில் ஒரு மாமரமோ சப்போட்டாவோ இருந்தால் கட்டையைத் தேடவே வேண்டாம், மரத்திலேயே கட்டிவிடலாம். இலைகள் வெளிவிடும் நீராவியால் மரத்தடிக் காற்று குளிர்ந்திருக்கும். மழையில் தண்டு வழியே சத்துநீரும் இறங்கிவரும். எந்த பால்கனி ஏற்பாடும் இதற்கு ஈடாகாது.

கட்டைச் செடிக்குத் தண்ணீர் விடுவதில் கணக்கு எளிது. வேர் முழுக்கப் பச்சையாகும்வரை விட வேண்டும், வெளுத்துக் காயும்வரை மறுபடி விடக் கூடாது. பங்குனி, சித்திரையில் இது நாளுக்கு இருமுறையாகும். ஆடியிலும் ஏமாறக் கூடாது. வெயில் தணிந்ததாகத் தோன்றினாலும் ஆடிக்காற்று வேரைச் சுள்ளென்று உலர்த்தும். ஐப்பசி அடைமழையில் தொடக்கூட வேண்டியதில்லை. அப்போது கவனம் முழுதும் காற்றோட்டத்தில் இருக்க வேண்டும்.

நீரின் தரமும் இங்கே பெரிய விஷயம். ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிறதென்றால் வேரிலும் விடும். மண்ணில் இருக்கும் செடிக்கு உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோக வழியுண்டு. தொங்கும் வேரில் நீர் மட்டும் ஆவியாகி உப்பு அங்கேயே தங்கும். அயனிகளைப் பிடித்து வைக்கும் வெலாமனின் திறமை இப்போது அதற்கே பகையாகிறது. மழைநீர்ச் சேமிப்பு 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயின் கீழ் ஒரு பீப்பாயை வைத்து மூடிக்கொண்டால் இந்தச் செடிகளுக்குப் பல வாரம் போதும். கொசு புகாமல் மூடுவது முக்கியம்.

உரம் பற்றி ஒரு வழக்கம் இருக்கிறது: முதலில் வெறும் நீரால் நனைத்துவிட்டு, பிறகு உரநீர் தெளிப்பது. உரம் கடுமையாக இருந்தால் அது பாதுகாப்பானதுதான். ஆனால் வெண்டின் கருத்தும் 2013 ஆய்வும் வேறு திசையைக் காட்டுகின்றன. நீர் நிறைந்த வெலாமனில் உரநீருக்கு இடமில்லை. உரத்தை மிக மிக நீர்த்து, காய்ந்த வேரில் முதல் நனைப்பாகக் கொடுப்பதே இயற்கை செய்வதற்கு நெருக்கமானது. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 என்றால் லிட்டர் நீருக்கு அரை கிராமுக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். ஒவ்வொரு நாலாவது வாரமும் உரத்தை நிறுத்தி மழைநீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

செடியை எங்கிருந்து பெறுவது என்பதில் அலட்சியம் கூடாது. கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் போகிறவர்கள் காட்டு மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் பழக்கம் சட்டப்படியும் தவறு, செடிக்கும் கேடு. ஒட்டிய வேரைக் கிழித்தெடுத்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. போன செடியின் இடம் எளிதில் நிரம்புவதும் இல்லை. ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது, உள்ளே முளைக்குத் துணையாக உணவுச் சேமிப்பே கிடையாது. பட்டையில் சரியான பூஞ்சை இருந்து, அது விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்ட் இதைக் கண்டுபிடித்தார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்க முடியும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இன்று நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கும் ஆர்க்கிட்கள் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் ஆய்வகக் குடுவைகளில் பிறந்தவை. அவற்றை வாங்கலாம். சொந்தத் தோப்பில் காற்றில் முறிந்து விழுந்த கிளையில் வாண்டா இருந்தால், கிளையை அறுத்து அந்தத் துண்டோடு அப்படியே தொங்கவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. வேரைத் தொடவே வேண்டியதில்லை.

வளர்ந்தும் பூக்கவில்லை என்ற குறை பலருக்கு உண்டு. அநேகமாக ஒளி போதாததுதான் காரணம், இலை நிறமே அதைக் காட்டிவிடும். கரும்பச்சை இலை நிழல் அதிகம் என்கிறது. மஞ்சள் படிந்த பசுமை, ஓரத்தில் லேசான செந்நிறச் சாயல் என்றால் அளவு சரி. வெளிறிய கருகல் திட்டு விழுந்தால் வெயில் மிஞ்சிவிட்டது. காலை வெயில் ஒன்பது மணிவரை நேராகவும், பிறகு மரக்கிளைகளின் ஊடே சிதறியும் விழும் இடம் வாண்டாவுக்கு ஏற்றது. இடத்தை மாற்றும்போது சட்டென்று மாற்றாமல், வாரத்துக்குக் கொஞ்சமாக வெளிச்சத்தை நோக்கி நகர்த்த வேண்டும். நிழலில் முளைத்த இலை திடீர் வெயிலைத் தாங்காது. புது இலைகள் அந்த வெளிச்சத்திலேயே முளைத்து வளர்ந்த பிறகு, அடுத்த கோடையில் இலைக்கக்கத்தில் பூங்கதிரை எதிர்பார்க்கலாம்.